யூனிக்ஸ் வண்டி விண்டோஸ் தண்டவாளத்தில் ஓடுவது எப்படி?



நமது சங்க மலரின் 1996 முதல் 2004 வரையிலான இதழ்களை இன்றைய கணிப்பொறியில் படிக்கும்படி மாற்றும் வேலை நடந்து வருவதைப் பலரும் அறிவீர்கள். அதற்கென்று புரோகிராம் எழுதித் தந்தவர் நம் உறுப்பினர் ஒருவரின் மகன். பெங்களூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கும் இளைஞர். அவருடைய மடிக்கணினியில் ஓடிய புரோகிராம் நம் சங்க அலுவலகத்துக் கணிப்பொறியில் மட்டும் ஓட மறுத்தது. "சிக்வின்1.டிஎல்எல் காணப்படவில்லை" என்று ஒரு பெட்டி திரையில் எழும், அத்தோடு சரி. "பையன் சரியாக எழுதவில்லை போலிருக்கிறது" என்று சிலரும், "நம் கணிப்பொறி பழசு" என்று சிலரும் பேசிக்கொண்டார்கள். இரண்டும் முழு உண்மையல்ல. நடந்தது என்ன என்பதை மலரிலேயே விளக்கும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். இதே மாதிரிப் பெட்டி உங்கள் வீட்டுக் கணிப்பொறியிலும் எழக்கூடும் என்பதால் பொதுவாகவும் பயன்படும்.

அந்த இதழ்களில் என்ன இருக்கிறது, அவற்றுக்காக ஏன் இத்தனை பாடு என்று புதிய அன்பர்கள் கேட்கலாம். நம்மை விட்டு மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவர், தமது பாட்டனார் காலத்தில் சேலத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த கதையை முப்பத்தொரு பகுதிகளாக மலரில் எழுதினார். கையெழுத்துப் பிரதி இன்றில்லை. அச்சான மலர்களில் இரண்டு வருடத்தவை நூலகப் பீரோவில் கரையானுக்கு இரையாகிவிட்டன. மிஞ்சியிருப்பது டி.டி.பி. செய்த கணிப்பொறி ஃபைல்கள் மட்டுமே. அவரது துணைவியாருக்கு வயது எண்பத்துநான்கு. "புத்தகமா ஒரு தடவை கையில வச்சுப் பார்த்துட்டேன்னா போதும்" என்று நம் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்.

சரி, ஃபைல்தான் இருக்கிறதே, திறந்து அச்சிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் முதல் சிக்கல். அந்தக் காலத்தில் தமிழுக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட குறியீடு புழக்கத்தில் இல்லை. யூனிகோடின் 1991-ம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்றாலும், நம் மேசைக் கணிப்பொறிகளுக்கு அது வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. அதுவரை என்ன செய்தோம்? ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துப் படங்களை உட்கார வைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினோம். நம் மலர் பாமினி வரிசையில் அடிக்கப்பட்டது. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கணிப்பொறிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான்! எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். எழுத்துரு போனால் எல்லாம் கிறுக்கல்.

ஒழுங்கு செய்ய முயற்சிகள் நடக்காமலில்லை. திஸ்கி என்ற குறியீடு இணையத் தமிழர்களிடையே உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டை ஏற்றது. நம் ஊர் மானசகங்கோத்ரியில் இருக்கும் இந்திய மொழிகளின் மைய நிறுவனம் 1990களில் தமிழ் உள்ளிட்ட தென்மொழி உரைநடையை லட்சக்கணக்கான சொற்களாகக் கணிப்பொறியில் ஏற்றியது. பிற்பாடு இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆக, நம் சங்கத்துக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல இது.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 'கொ' என்பதைப் பழைய முறையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்தோம். யூனிகோடில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. எனவே மூன்று துண்டு சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகே இரண்டு துண்டு சேர்க்கைகளுக்கு வர வேண்டும். அதைவிடக் கொடுமை ஔகாரம். அதன் வலப்பக்கத் துண்டும் 'ள' எழுத்தும் பாமினியில் ஒன்றே. அதனால் அவசரமாக எழுதிய மாற்றிகள் 'வெள்ளி' என்ற சொல்லை 'வௌ்ளி' என்று ஆக்கிவிடும். இணையத்தில் இந்த உருவத்தைப் பார்த்துப் பலர் திகைத்திருப்பீர்கள். நம் இளைஞர் இதற்கெல்லாம் இருநூறுக்கும் மேற்பட்ட விதிகளை எழுதி, மூன்று பெரியவர்களை வைத்து மெய்ப்புப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சரி செய்திருக்கிறார். அந்த விதிப் பட்டியல்தான் உண்மையான சொத்து. புரோகிராம் அதற்கு வண்டி மாத்திரமே.

அந்த வண்டியை அவர் லினக்ஸில் கட்டினார். லினக்ஸ் யூனிக்ஸ் வழிவந்தது. 'பேஷ்', 'செட்', 'ஆக்' என்று யூனிக்ஸில் எழுத்து வேலைக்கென்றே சிறு கருவிகள் உண்டு. ஒன்றின் வாயிலிருந்து வருவதை இன்னொன்றின் காதில் ஊற்றி வேலை வாங்கலாம். சங்க அலுவலகத்திலும் நம் வீடுகளிலும் இருப்பதோ விண்டோஸ்.

இரண்டு கணிப்பொறியிலும் இருக்கும் சில்லு ஒன்றேதானே, பின் ஏன் ஓடாது? ரயில்வேக்காரன் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். நம் மைசூர் - பெங்களூர் பாதை 1882 முதல் நூறு வருடத்துக்கும் மேலாக மீட்டர் கேஜ். தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர். பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சென்னை செல்லும் பாதை பிராட் கேஜ், 1676 மில்லிமீட்டர். இரும்பு அதே இரும்பு, ஓட்டுகிறவரும் அதே மாதிரி டிரைவர்தான். ஆனால் மைசூர் வண்டி பெங்களூரைத் தாண்டிப் போகாது. மூட்டைகளை இறக்கி மறு வண்டியில் ஏற்றுவார்கள். மைசூரிலிருந்து சென்னை போன பெரியவர்களுக்குப் பெட்டி படுக்கையோடு பெங்களூரில் வண்டி மாறியது நினைவிருக்கும். 1990களில் அகலப்பாதை ஆன பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

புரோகிராம்களும் அப்படித்தான். ஒரு புரோகிராம் தானாக ஃபைலைத் திறப்பதில்லை. 'இந்த ஃபைலைத் திறந்து கொடு', 'இதைத் திரையில் எழுது' என்று இயங்கு தளத்திடம் விண்ணப்பிக்கிறது. யூனிக்ஸ் விண்ணப்பப் படிவம் வேறு, விண்டோஸ் படிவம் வேறு. சில்லு ஒன்றாயிருந்தும் பயனில்லை. இடையில் நின்று மூட்டை மாற்றிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அவர் பெயர்தான் சிக்வின்.

அமெரிக்காவில் சிக்னஸ் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி இருந்தது. இலவச மென்பொருளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிப்பு செய்து தருவது அதன் தொழில். 1989-ல் அப்படி ஒரு வியாபாரம் நடக்கும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்! அங்கு வேலை செய்த ஸ்டீவ் சேம்பர்லைன் என்ற பொறியாளர் 1995-ல் இந்த வேலையைத் தொடங்கினார். சிக்னஸ், விண்டோஸ் இரண்டும் சேர்ந்து சிக்வின் ஆயிற்று. பின்னர் ரெட்ஹேட் கம்பெனி சிக்னஸை வாங்கியது. இன்றும் தன்னார்வலர்கள் அதைப் பராமரிக்கிறார்கள்.

சிக்வினின் உயிர்நாடி ஒரே ஒரு ஃபைல். அதுதான் நம் திரையில் பெயர் காட்டிய சிக்வின்1.டிஎல்எல். டி.எல்.எல். என்பது பல புரோகிராம்கள் பொதுவில் பயன்படுத்தும் நூலகம். யூனிக்ஸ் படிவத்தில் வரும் விண்ணப்பத்தை வாங்கி, விண்டோஸ் படிவத்தில் எழுதி, பதிலைத் திருப்பித் தருவது அதன் பணி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லினக்ஸில் கட்டிய புரோகிராமை அப்படியே கொண்டுவந்து போட்டால் ஓடாது. அதன் மூலநிரலை சிக்வினுக்குள் வைத்து மறுபடி கட்ட வேண்டும். பலருக்கு இதில்தான் மயக்கம்.

நம் இளைஞர் அதையும் செய்தார். பிறகு கட்டி முடித்த புரோகிராமை மட்டும் பென் டிரைவில் போட்டு அனுப்பினார். அவருடைய கணிப்பொறியில் சிக்வின் முழுவதும் நிறுவியிருந்தது; நூலகங்கள் எங்கே என்று விண்டோஸுக்குத் தெரியும். அலுவலகக் கணிப்பொறிக்குத் தெரியாது. "எங்கிட்ட நல்லா ஓடுதே அங்கிள்!" என்றார் தொலைபேசியில். ஒர்க்‌ஷாப்பில் ஓடும் இஞ்ஜின் செக்‌ஷனில் ஓடுகிறதா என்பதுதானே தம்பி கேள்வி என்றேன். சிக்வின் என்ற பெயரையே கேட்டிராத ஒரு கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் தயார் என்று சொல்லக்கூடாது. இந்தத் துறையில் இதைவிட முக்கியமான விதி எனக்குத் தெரியவில்லை.

இனி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு புரோகிராமுக்கு எந்தெந்த நூலகங்கள் வேண்டும் என்று பட்டியலிட சிக்வினிலேயே 'சிக்செக்' என்ற கருவி இருக்கிறது. அதை ஓட்டினால் சிக்வின்1.டிஎல்எல் மட்டுமல்ல, அதற்குத் துணையாக இன்னும் சில நூலகங்களும் தேவை என்று தெரிய வரும். நம் புரோகிராம் அழைக்கும் பேஷ், செட் ஆகியவற்றுக்கும் தனித்தனியே பட்டியல் எடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி அதே பெட்டி, வேறு பெயரோடு.

அவற்றை எங்கே வைப்பது? விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் போட்டுவிடு என்று சொல்பவர்கள் உண்டு. போடவே கூடாது. புரோகிராம் இருக்கும் ஃபோல்டரையே விண்டோஸ் முதலில் பார்க்கும்; அங்கே வைத்தால் போதும். சிஸ்டம் ஃபோல்டரில் போட்டால் நாளைக்கு வேறொரு புரோகிராம் தன்னுடைய சிக்வினோடு வரும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரு பதிப்பைச் சேர்ந்த புரோகிராம் வேறு பதிப்பைச் சேர்ந்த புரோகிராமை அழைத்தால் 'சிக்ஹீப் பொருந்தவில்லை' என்ற பொருளில் ஒரு புரியாத செய்தியைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அப்படி வந்தால் கணிப்பொறி முழுவதும் சிக்வின்1.டிஎல்எல் எத்தனை இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

இன்னொரு நுட்பம். யூனிக்ஸில் எல்லா ஃபைல்களும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும். சி, டி என்ற டிரைவ்கள் கிடையாது. அந்த வேர் எது என்று சிக்வின் எப்படி முடிவு செய்கிறது தெரியுமா? நூலகம் 'பின்' என்ற ஃபோல்டரில் இருந்தால், அதற்கு மேலே உள்ள ஃபோல்டரே வேர். ('பைனரி'யின் சுருக்கம் அந்தப் 'பின்', பின்னால் என்று பொருள் கொள்ள வேண்டாம்.) ஆகவே நாங்கள் 'மலர்மாற்றி' என்று ஒரு ஃபோல்டர் செய்து, அதற்குள் 'பின்' செய்து புரோகிராம்களையும் நூலகங்களையும் பேஷையும் அதில் வைத்தோம். பக்கத்திலேயே தற்காலிக ஃபைல்களுக்கு 'டெம்ப்' என்று ஒரு காலி ஃபோல்டர். இந்தக் காலி ஃபோல்டர் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. முழு மலர்மாற்றியையும் அப்படியே நகலெடுத்து எந்தக் கணிப்பொறியில் வைத்தாலும் ஓடுகிறது.

பாதைப் பெயர்களில் கவனம் தேவை. விண்டோஸில் சி டிரைவ் என்பது சிக்வினுக்கு '/சிக்டிரைவ்/சி'. சாய்கோடும் எதிர்ப்புறம் சாய்ந்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்ற 'சிக்பாத்' என்ற கருவி உண்டு. 'பழைய இதழ்கள்' என்று நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்தால், மேற்கோள் குறிக்குள் எழுதாவிட்டால் யூனிக்ஸ் கருவிகள் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். தமிழிலேயே ஃபைல் பெயர் வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம். 2009-ல் வந்த 1.7 பதிப்பு முதல் அது சரியாக நடக்கிறது.

அடுத்தது வரிமுடிவு. என் போன்ற பழைய ஆட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கண்ட்ரோல் ஆபீசில் டெலிபிரிண்டர் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: வரி முடிந்ததும் முனையை இடப்பக்கம் இழுக்க ஒரு குறி, தாளை ஒரு வரி ஏற்ற ஒரு குறி. விண்டோஸ் இன்றைக்கும் அந்த இரண்டையும் எழுதுகிறது. யூனிக்ஸ் இரண்டாவதை மட்டும் எழுதுகிறது. எங்கள் விதிப் பட்டியலை அலுவலகத்தில் ஒருவர் நோட்பேடில் திறந்து ஒரு விதியைச் சேர்த்து மூடினார். அந்த விதி மட்டும் வேலை செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் குறி அதன் வாலில் ஒட்டிக்கொண்டதுதான் காரணம். 'டாஸ்2யூனிக்ஸ்' என்ற சிறு கருவி அதை நீக்கிவிடும். அதையும் மலர்மாற்றியில் சேர்த்துவிட்டோம்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டை மாற்றும் இடத்தில் நேரம் போகத்தானே செய்யும்! யூனிக்ஸில் ஒரு புரோகிராம் தன்னைத்தானே பிரதி எடுத்து இரண்டாகும். அதற்கு 'ஃபோர்க்' என்று பெயர். யூனிக்ஸில் அது நொடியில் நடக்கும் காரியம். விண்டோஸ் புரோகிராம்களுக்கு அப்படிப்பட்ட வசதி கிடையாது. சிக்வின் என்ன செய்கிறதென்றால், புதிதாக ஒரு புரோகிராமைத் தொடங்கி, அதை நிறுத்தி வைத்து, பழையதன் நினைவகத்தை அதற்குள் நகலெடுத்து, பிறகு ஓட விடுகிறது. நூலகங்கள் இரண்டிலும் ஒரே விலாசத்தில் அமைய வேண்டும் என்ற நிபந்தனை வேறு. சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் நடுவில் புகுந்து இதைக் கெடுப்பதும் உண்டு. நம் புரோகிராமின் முதல் வடிவம் ஒவ்வொரு வரிக்கும் செட் கருவியைத் தனியாக அழைத்தது. லினக்ஸில் ஓர் இதழுக்கு மூன்று நிமிடம். அலுவலகத்தில் அரை மணிக்கு மேல். இளைஞர் எல்லா விதிகளையும் ஒரே பட்டியலாக்கி, ஒரே அழைப்பில் இதழ் முழுவதும் மாறும்படி திருத்தினார். இப்போது காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

கணிப்பொறி பழசு என்றவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அலுவலகத்தில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7. சிக்வின் 2022 டிசம்பரில் வெளியிட்ட 3.4 பதிப்போடு 32 பிட்டைக் கைவிட்டது. 2024-ல் வந்த 3.5 விண்டோஸ் 7-ஐயும் கைவிட்டது. ஆகவே காணவில்லை என்ற நூலகத்தை நகலெடுத்து வைத்திருந்தாலும் அந்தப் பெட்டியில் அது ஓடியிருக்காது. புதிய கணிப்பொறி வாங்க நிர்வாகக் குழு ஒப்புதல் தந்தது இதற்காகத்தான், ஆடம்பரத்துக்கு அல்ல.

வேறு வழியே இல்லையா என்று கேட்ட அன்பர்களுக்கு: உண்டு. 'மிங்டபிள்யூ' என்பதைக் கொண்டு கட்டினால் இடைத்தரகர் இல்லாமல் நேரடி விண்டோஸ் புரோகிராமாகவே வரும். ஆனால் ஃபோர்க் போன்ற யூனிக்ஸ் வசதிகளை நம்பியிருக்கும் புரோகிராமைத் திருத்தி எழுத வேண்டும். மைக்ரோசாப்டே 2016 முதல் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியைத் தருகிறது. (1980-ல் ஜெனிக்ஸ் என்ற பெயரில் யூனிக்ஸ் விற்ற கம்பெனிதான் அது. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறார்கள்!) சாப்ட்வேர் தெரிந்தவர்களுக்கு அது சிறந்தது. ஆனால் எழுபது வயது அன்பர் ஒருவரிடம் 'முதலில் லினக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள்' என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு ஃபோல்டரை நகலெடுங்கள், இரண்டு முறை கிளிக் செய்யுங்கள் என்றால் செய்துவிடுவார். பைத்தானில் முழுவதும் திருப்பி எழுதலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. மெய்ப்புப் பார்த்துத் தேறிய ஒன்றைக் கலைத்துவிட்டு மறுபடி 'வௌ்ளி'யில் தொடங்க எனக்கு மனமில்லை, குழுவும் ஏற்கவில்லை.

பிற ஊர்த் தமிழ்ச் சங்கங்கள் இரண்டு மலர்மாற்றியைக் கேட்டிருக்கின்றன. கொடுக்கலாம், ஆனால் சட்டப்படி கொடுக்க வேண்டும். சிக்வின் நூலகம் 2016 முதல் எல்.ஜி.பி.எல். என்ற உரிமத்தில் வருகிறது. இலவசமாக நகலெடுத்துத் தரலாம். தரும்போது உரிம வாசகத்தையும், நாம் தரும் அதே பதிப்பின் மூலநிரலையும் கிடைக்கச் செய்ய வேண்டும். பேஷ், செட் முதலியவை ஜி.பி.எல். உரிமம், அவற்றுக்கும் மூலநிரல் தர வேண்டும். இலவசம்தானே என்று இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். நாங்கள் 'மூலம்' என்று தனி ஃபோல்டர் வைத்து எல்லாவற்றையும் அதில் போட்டிருக்கிறோம்.

முப்பத்தொரு பகுதிகளில் இருபத்தாறு இதுவரை மாற்றப்பட்டு மெய்ப்பு முடிந்துள்ளது. 2001-ம் ஆண்டின் இரு இதழ்களுக்குரிய ஐந்து பகுதிகள் அலுவலகத்து ஃபைல்களில் இல்லை. பிளாப்பி டிஸ்குகளில் எவர் வீட்டிலாவது இருக்கலாம் என்று எண்ணுகிறோம். அந்தக் காலத்தில் மலர்க் குழுவில் பணியாற்றிய அன்பர்கள் தயவுசெய்து பரணைப் பார்க்கவும். கிடைத்தால் நீங்களே டிரைவில் போட்டுத் திறக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த பிளாப்பி ஒரே சுற்றில் கீறிப் போய்விடும். உறையோடு நூலகத்தில் கொடுத்தால் போதும். ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை நான் அங்கிருப்பேன்.